வெறுவயித்தில சீனி ஏறுறது எப்பிடி?

கேள்வி: எனக்கு 54 வயசு, துணுக்காய்ப் பக்கம். சீனி வருத்தம் வந்து ஆறு வருசம். இரவு ரெண்டு ரொட்டியும் சம்பலும்தான், ஒன்பது மணிக்குப் பிறகு வெறும் தண்ணி. மகள் வாங்கித் தந்த மெசினில படுக்கேக்க குத்திப் பார்த்தா 132, விடிய எழும்பிப் பார்த்தா 168. கிளினிக்கில சொன்னா "அம்மா களவா என்னவோ சாப்பிட்டிருக்கிறியள்" எண்டு சிரிக்கினம். சத்தியமாச் சாப்பிடேல்லை. எங்க இருந்து வருது இந்தச் சீனி?

பதில்: நீங்கள் சாப்பிடேல்லை அம்மா, நான் நம்புறன். அந்தச் சீனி உங்கட ஈரலில இருந்து வந்தது.

ரத்தத்தில ஓடுற சீனி மொத்தமாவே ஒரு தேக்கரண்டிக்குக் கிட்டத்தான், மூளை நித்திரையிலயும் அதைத்தான் எடுத்துக்கொண்டு கிடக்கு, அப்ப ராத்திரி முழுக்க ஒண்டும் சாப்பிடாட்டி அது எப்பவோ முடிஞ்சிருக்க வேணும், ஆனா முடியிறேல்லை. ஏனெண்டா ஈரல் எங்கட இரணைமடு மாதிரி. மாரித் தண்ணியைத் தேக்கி வைச்சு சிறுபோகத்துக்குத் துருசு திறந்து விடுறம் எல்லே, ஈரலும் சாப்பாட்டில வந்த சீனியைக் கிளைக்கோஜனாத் தேக்கி வைச்சிட்டு இரவில கொஞ்சம் கொஞ்சமா விடும், அதோட தானே புதுசாவும் சீனி செய்யும். துருசைப் பூட்டச் சொல்லுற ஹோர்மோன் இன்சுலின், திறக்கச் சொல்லுறது குளுக்ககன். ரெண்டும் கணையத்திலதான், பள்ளிக்கூடப் புத்தகத்தில சதையி எண்டு போட்டிருக்கும், ஒரே திட்டுக்குள்ள பக்கத்துப் பக்கத்துக் கலங்களில சுரக்குது. இன்சுலினை 1921ல டொரொண்டோவில பிரிச்செடுத்தவை (எங்கட சனம் பாதி அங்கதானே), குளுக்ககனுக்கு 1923லயே பேர் வைச்சாச்சு, எண்டாலும் அதின்ர பேரைச் சொன்னா இண்டைக்கும் ஒருத்தருக்கும் விளங்காது.

இனி உங்கட 168க்கு வாறன். விடியப்புறம் மூண்டு நாலு மணிக்குப் பிறகு உடம்பு எங்களை எழுப்ப ஆயத்தமாகும், கோர்ட்டிசோல், வளர்ச்சி ஹோர்மோன் எல்லாம் கூடும், அதுகள் ஈரலைச் சீனி விடப் பண்ணும். வருத்தம் இல்லாத ஆளுக்கு உடன இன்சுலினும் கொஞ்சம் கூடிச் சமாளிச்சுப்போடும். உங்களுக்கு இன்சுலின் காணாது, இருக்கிறதின்ர சொல்லையும் ஈரல் கேக்கிறேல்லை, வாய்க்கால் நிரம்பி வழியேக்கையும் துருசு திறந்தபடி. மெற்போமின் குளிசை தந்திருப்பினம், அதின்ர பெரிய வேலையே அந்தத் துருசைக் கொஞ்சம் இறக்கிறதுதான், அதால 'சாப்பாட்டைக் குறைச்சிட்டன், குளிசை என்னத்துக்கு' எண்டு விட்டிடாதேங்கோ. இரவுச் சாப்பாட்டை இன்னும் குறைச்சும் பிரயோசனமில்லை.

ஒரு ரெண்டு மூண்டு நாள் விடியப்புறம் மூண்டு மணிக்கும் குத்திப் பார்த்துக் கொப்பியில எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ. அந்த நேரம் 70க்குக் கீழ நிண்டா கதை வேற, மருந்து கூடிப்போச்சுது எண்டு அர்த்தம். நீங்களா ஒண்டும் மாத்தவேண்டாம், கொப்பியைக் காட்டுங்கோ.

கேள்வி: அப்பா சீனிக் குளிசையைப் போட்டிட்டு சாப்பிடாம வயலுக்குப் போவார். பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டிக் கை நடுங்குது. பிறஷரோ? (புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தம்பி)

பதில்: அநேகமாச் சீனி இறங்குது தம்பி. கிளிக்கிளசைட் மாதிரிக் குளிசையள் சாப்பிட்டாலும் சாப்பிடாட்டிலும் இன்சுலினைப் பிழிஞ்சு விடும். சீனி இறங்க குளுக்ககனோட அட்ரினலினும் ஓடி வரும், அந்த நடுக்கமும் வேர்வையும் நெஞ்சுப் படபடப்பும் அதின்ர வேலை. உடன மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுங்கோ, கால் மணித்தியாலத்தில தெளியாட்டி இன்னொருக்கா, பிறகு சாப்பாடு. மயங்கிக் கிடந்தா வாயில ஒண்டும் ஊத்தக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கோ. அப்பாவின்ர சேட்டுப் பையில நாலு குளுக்கோஸ் இனிப்பாவது கிடக்கட்டும், அதோட எந்தக் குளிசை எண்டு பெட்டியைப் பார்த்து எழுதி அனுப்புங்கோ.