வாசகர் கேள்வி: பிள்ளைகளின் பெயரைச் சூடிய கப்டன்

கேள்வி: பாவ்லோஸ் மெலாஸ் என்ற கிரேக்கக் கரந்தடிப்படைத் தலைவர் தன் பிள்ளைகளின் பெயர்களையே இயக்கப் பெயராக வைத்திருந்தார் என்று உயர்தரத்தில் வரலாறு படிக்கும் என் மகள் சொன்னாள். அது உண்மையா? அவர் எதற்காகப் போரிட்டார்? அவருடைய உடலாவது மனைவிக்குக் கிடைத்ததா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: உங்கள் மகள் சொன்னது சரி. வீட்டில் மகன் மிக்கேல் மிக்கிஸ். மகள் சோயி செசா. எல்லை கடந்து போனபோது அந்த இரண்டு செல்லப்பெயர்களையும் இணைத்து மிக்கிஸ் செசாஸ் என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். மலைக்கிராமங்களில் அவரைக் கப்டன் செசாஸ் என்று கூப்பிட்டவர்களில் அநேகருக்கு, தாங்கள் சொல்வது ஏதென்சிலிருந்த ஒரு சிறுமியின் பெயர் என்பது தெரிந்திருக்க வழியில்லை.

1870இல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்து, ஏதென்சில் வளர்ந்து, 1891இல் பீரங்கிப்படை அதிகாரியான மெலாஸ், மறு ஆண்டு அரசியல்வாதி ஸ்டெபானோஸ் திராகூமிசின் மகள் நத்தாலியாவை மணந்தார். 1897இல் துருக்கியுடன் நடந்த போரில் கிரேக்கம் தோற்றபோது அவரும் களத்தில் இருந்தார்.

அவர் போரிட்ட மாசிடோனியா அப்போது ஒட்டமன் (துருக்கிய) ஆட்சியில் இருந்தது. மெலாஸ் பிறந்த அதே 1870இல் சுல்தான் பல்கேரியருக்குக் கிரேக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்து தனித் திருச்சபை அமைக்க அனுமதி கொடுத்தார். ஓர் ஊரில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் அந்தத் திருச்சபைக்கு மாறலாம் என்பது விதி. எந்தத் திருச்சபையின் குரு வருகிறாரோ அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமும் ஆசிரியரும் ஊருக்குள் வந்தார்கள். ஆகவே வழிபாட்டை வைத்தே ஓர் ஊர் கிரேக்கமா பல்கேரியமா என்று கணக்கிடப்பட்டது. இரு தரப்பின் ஆயுதக் குழுக்களும் இரவில் ஊருக்குள் புகுந்து குருமாரையும் ஆசிரியர்களையும் கொன்றன. இதில் கிரேக்கர் பக்கத்தை மட்டும் குற்றமற்றதென்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரே குடும்பத்திற்குள் இரு திருச்சபையாரும் இருந்த ஊர்கள்தாம் அங்கே அதிகம் நொந்தன.

அந்த ஊர்களைக் கிரேக்கப் பக்கம் நிறுத்தவே மெலாஸ் போரிட்டார். 1904இல் மூன்றாவது தடவையாக எல்லை கடந்த அவர் முப்பத்தைந்து பேர் அளவிலான குழுவுடன் மாசிடோனியாவின் கஸ்தோரியா மலைகளில் இறங்கினார். மழையில் நனைந்து நடந்த நாட்களிலும் நத்தாலியாவுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதங்களைப் பிற்காலத்தில் நத்தாலியாவே நூலாக்கினார். ஒக்டோபரில் ஸ்தாதிஸ்தா என்ற ஊரில் குழு தங்கியிருந்த வீடுகளை ஒட்டமன் படையினர் சுற்றிவளைத்தனர். வெளியே வந்த மெலாசின் இடுப்பில் குண்டு பாய்ந்தது. கழுத்திலிருந்த சிலுவையை மனைவியிடமும் துப்பாக்கியை மகனிடமும் சேர்க்கும்படி அருகிலிருந்த நிக்கோஸ் பிர்சாசிடம் சொல்லிவிட்டு இறந்தார் என்பதே அங்கு சொல்லப்படும் செய்தி. அப்போது அவருக்கு வயது 34.

உங்கள் கடைசிக் கேள்வியை எந்த மனத்தோடு எழுதியிருப்பீர்கள் என்பது வன்னியில் வாழும் எவருக்கும் விளங்கும்; அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உடலை எடுத்துவர அனுப்பப்பட்டவர், படையினர் நெருங்கிவிட்டதால், ஆளை அடையாளம் காணக்கூடாதென்று தலையை மட்டும் வெட்டி எடுத்துச் சென்றார். அது பிசோதெரி என்ற ஊரில் புனித பரஸ்கேவி தேவாலயத்துக்குள் இரகசியமாகப் புதைக்கப்பட்டது. தலையற்ற உடலைப் படையினர் கஸ்தோரியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆயர் ஜெர்மானோஸ் கரவங்கெலிஸ் அதிகாரிகளுடன் வாதாடி உடலைப் பெற்று, தன் இல்லத்தருகே இருந்த சிறு தேவாலயத்தில் அடக்கம் செய்தார். நத்தாலியா அப்போது ஏதென்சில் இருந்தார். கடைசியாக முகம் பார்க்க அவருக்குக் கிடைக்கவில்லை.

1912இல் கஸ்தோரியா கிரேக்கத்தின் வசமானது. ஸ்தாதிஸ்தாவின் பெயர் இப்போது மெலாஸ். அறுபத்தொன்பது ஆண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்த நத்தாலியா 1973இல் இறந்தபோது, கஸ்தோரியாவின் அந்தச் சிறு தேவாலயத்தில் கணவருக்கு அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.