உலர்ந்த உணவை வீட்டிலேயே டின்னில் அடைத்துப் பல வருடம் வைக்கலாமா? என்ன மெஷின் வேண்டும்?

தாராளமாக வைக்கலாம். நானும் செய்து வருகிறேன். வெள்ளை அரிசி, முழு கோதுமை, பயறு வகைகளைச் சரியாக அடைத்துக் குளுமையான இடத்தில் வைத்தால் 20, 30 வருடம்கூடத் தாங்கும். மெஷினுக்கு அப்புறம் வருகிறேன். எதை அடைக்கலாம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே போகும் பொருளில் ஈரப்பதம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈரம் இருந்து காற்று இல்லாமல் போனால் போட்டுலிசம் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர வாய்ப்புண்டு. அது உயிரையே பறிக்கும். பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் சமைத்த உணவு, பாதி காய்ந்த பழம் எதையும் இந்த முறையில் அடைக்காதீர்கள். பயறை ஒரு கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். தெறித்து நொறுங்கினால் சரி, நசுங்கினால் இன்னும் காய வேண்டும். காய்கறி வற்றல் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும்.

எண்ணெய்ப் பசை உள்ளவையும் வேண்டாம். வேர்க்கடலை, பாதாம், தவிடு நீக்காத அரிசி எல்லாம் சிக்கு வாடை அடித்துவிடும். முழு கோதுமை அத்தனை வருடம் தாங்கினாலும், அதையே அரைத்த மாவு தாங்காது. அரைக்கும்போது முளைப்பகுதியின் எண்ணெய் வெளியே வந்துவிடுகிறது.

அடுத்து, ஆக்சிஜன் உறிஞ்சும் பாக்கெட். உள்ளே இருப்பது இரும்புத்தூள். அது துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. எத்தனை போடுவது என்று பலர் குழம்புகிறார்கள், கணக்கு எளிதுதான். 3 லிட்டர் டின்னை அரிசியால் நிரப்பினாலும் இடுக்குகளில் சுமார் 1.2 லிட்டர் காற்று நிற்கும். அதில் 21 சதவீதம் ஆக்சிஜன், அதாவது 250 சிசி (மில்லிலிட்டர்) சொச்சம். 300 சிசி பாக்கெட் ஒன்று போதும். பாக்கெட்டுகள் வரும் வெளி உறையைப் பிரித்ததுமே அவை வேலையைத் தொடங்கிவிடும், கையில் லேசாகச் சூடு தெரியும். ஆகவே டின்களை எல்லாம் நிரப்பி வரிசையாக வைத்த பிறகே பிரியுங்கள். தொட்டால் கட்டியாக இறுகியிருக்கும் பாக்கெட் ஏற்கெனவே தீர்ந்தது. ஆக்சிஜன் போனால் வண்டும் சாகும், மருந்து எதுவும் கலக்க வேண்டியதில்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். சர்க்கரைக்கு மட்டும் பாக்கெட் போடாதீர்கள், பாறையாக இறுகிவிடும்.

இனி மெஷின். டின்னில் மூடியை மடித்து இறுக்கும், கையால் சுற்றும் சீமர் போதும். முதல் உருளை மூடியின் விளிம்பை டின் விளிம்போடு சேர்த்து மடிக்கும், இரண்டாவது அதை அழுத்தி இறுக்கும். விரலால் மெதுவாகத் தடவினால் விளிம்பு எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். பிசிறோ பிதுக்கமோ தட்டுப்பட்டால் உருளைகளைச் சரிசெய்யுங்கள். உணவை அடைக்கும் முன், காலி டின்னில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, கொதிநீரில் சற்று நேரம் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

அடைத்த டின்களை 25 டிகிரிக்குள், தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். ஈரத் தரை துருவைக் கொண்டுவரும். பொருளின் பெயரும் தேதியும் எழுதிவிடுங்கள். திறந்தபின் அது சாதாரண டப்பாதான், சில மாதங்களில் தீர்த்துவிட வேண்டும்.