உங்கள் கிணற்றுக்கு எந்த மீன்?

கேள்வி: புலமைப்பரிசில் பரீட்சையில் மகள் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தால் மீன்தொட்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தோம். எடுத்துவிட்டாள். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்தில் தொட்டி வாங்கினோம். கடைக்காரர் "எல்லாம் ஒண்டா நிக்கும்" என்று சொல்லி நாலு கோல்ட் பிஷ், இரண்டு ஏஞ்சல், பத்து நியோன் ரெற்றா, இரண்டு ரைகர் பாப் பிடித்துத் தந்தார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நிரப்பி, அன்றைக்கே மீனை விட்டோம். பத்து நாளுக்குள் நியோன் ஒன்றுகூட மிச்சமில்லை. ஏஞ்சலின் செட்டை கிழிந்து தொங்குகிறது. பிள்ளை தொட்டிப் பக்கமே போகமாட்டேன் என்கிறாள். திரும்பவும் வாங்குவதென்றால் சண்டையில்லாமல் சேர்ந்து வாழும் மீன்கள் எவை?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: முதலில் மகளைக் கூப்பிட்டு, அவள் ஒரு பிழையும் செய்யவில்லை என்று சொல்லுங்கள். அந்தப் பதினெட்டு மீனையும் ஒரு தொட்டிக்குள் போட்டால் எவருடைய வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும்.

மீன் வாங்கப்போகும்போது நாங்கள் எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறோம். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது உங்கள் குசினிக் கேத்திலின் அடியை. அங்கே வெள்ளையாகப் படை படையாகப் பிடித்திருக்கிறதே, அது கல்சியம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கி, அதையே நாங்கள் கிணற்றில் அள்ளுகிறோம். கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர் என்பதால் அது கடின நீர், காரப் பக்கம் சாய்ந்த நீர். நியோன் ரெற்றாவின் சொந்த இடம் அமேசன் பக்கத்துச் சிற்றாறுகள். இலை சருகு ஊறித் தேயிலைச் சாயம் போல இருக்கும் அந்தத் தண்ணீர் மிகவும் மென்மையானது, அமிலத்தன்மை கொண்டது. அதற்கும் கொக்குவில் கிணற்றுக்கும் எந்த ஒட்டும் இல்லை. பண்ணையில் பிறந்த நியோன் சில இடங்களில் தாக்குப்பிடிக்கும்தான். ஆனால் புதுத் தொட்டி, கடின நீர், பயணக் களைப்பு மூன்றும் ஒன்றாக வந்தால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது. டிஸ்கஸ், ராம் போன்ற விலை கூடிய மீன்களும் மென்னீர்க்காரர்தான். ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

கோல்ட் பிஷ் குளிர்நீர் மீன். 20 பாகை அளவிலுள்ள தண்ணீரில்தான் அது சுகமாக இருக்கும். சித்திரை வைகாசியில் எங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 31, 32 வரை போகும். அதோடு கோல்ட் பிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும். நாலு கோல்ட் பிஷ்ஷுக்கு இரண்டடித் தொட்டி கொஞ்சமும் காணாது.

ரைகர் பாப் கூட்ட மீன். எட்டுப் பேராக விட்டால் தங்களுக்குள் துரத்திப் பிடித்துப் பொழுதைப் போக்கும். இரண்டை மட்டும் விட்டால் அந்தத் துருதுருப்பு முழுக்கப் பக்கத்தில் நிற்கும் நீளச் செட்டைக்காரர் மேல் போகும். ஏஞ்சலின் செட்டை கிழிந்தது இதனால்தான்.

ஏஞ்சலும் பரமசாது இல்லை. சில வருடங்களுக்கு முன் நானே இந்தப் பிழையை விட்டேன். நகம் அளவு ஏஞ்சல் இரண்டை வாங்கிக் கப்பியோடு விட்டேன். வடிவாகத்தான் நின்றன. நாலைந்து மாதம் போக, கப்பிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பூனையோ, பல்லியோ என்று தேடினேன். ஒரு நாள் விடியற்காலை லைற்றைப் போட்டபோது ஏஞ்சலின் வாய்க்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வால் துடித்துக்கொண்டிருந்தது. கடையில் நிற்கிற அளவைப் பார்த்து வாங்கக்கூடாது என்பதை அந்த வால்தான் எனக்குச் சொல்லித் தந்தது. ஏஞ்சல் உடம்பே 15 சென்ரிமீற்றர் வரை வளரும், செட்டையோடு உயரம் அதைவிடக் கூட. வாய்க்குள் போகக்கூடியதை எந்த மீனும் தின்னும். வளர்ந்த பிறகு என்ன அளவு வரும் என்று கடையில் கட்டாயம் கேளுங்கள். பதில் தெரியாத கடைக்காரரிடம் மீன் வாங்காதீர்கள்.

இனி, வாங்கக்கூடியவை. எங்கள் தண்ணீருக்கென்றே பிறந்தவை மாதிரி ஒரு கூட்டம் இருக்கிறது: குட்டி போடும் மீன்கள். கப்பி, பிளாற்றி, மொலி, சுவோட்ரெயில். கடின நீர் இவைக்குப் பகையில்லை, உரம். மற்றவர் இவைக்காகத் தண்ணீரைக் கடினமாக்கக் காசு செலவழிக்கும்போது, எங்களுக்குக் கிணறே அந்த வேலையைச் செய்து தருகிறது.

உங்கள் தொட்டி கணக்குக்கு 56 லீற்றர். கல் போட்டு, மேலே ஒரு அங்குலம் விட்டால் 45 லீற்றர்தான் உண்மையில் நிற்கும். அதற்கு நான் வாங்குவதானால்: பிளாற்றி ஆறு, அதில் ஆண் இரண்டு, பெண் நாலு. கோடு போட்ட சீப்ரா டானியோ ஆறு. அவ்வளவும் போதும். பிளாற்றி நடுவிலும் கீழேயும் மேயும், டானியோ மேல்மட்டத்தில் ஓடித் திரியும், ஒன்றின் வழியில் மற்றது வராது. டானியோ தெற்காசிய மீன், எங்கள் வெயில் அதற்குப் புதிதல்ல. ஆனால் ஆறுக்குக் குறைய வாங்காதீர்கள். துணை குறைந்தால் அதுவும் மற்றவரைச் சீண்டும்.

பிளாற்றி பிடிக்காவிட்டால் கப்பி. கப்பி நாலு கிழமைக்கு ஒருக்கால் குட்டி போடும். பெண் கப்பி ஆணின் விந்தை மாதக்கணக்கில் உள்ளே சேமித்து வைத்திருக்கும். ஆகவே பெண்ணை மட்டும் வாங்கினாலும் குட்டி வரும். குட்டி பார்க்க மகளுக்கு ஆசையென்றால் ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்று வாங்குங்கள். ஆண் கூடினால் பெண்ணை ஓயாமல் துரத்திக் களைக்கவைத்துவிடும். குட்டித் தொல்லை வேண்டாமென்றால் ஆண் கப்பி மட்டும் ஆறு. நிறமெல்லாம் ஆணில்தான், வடிவுக்குக் குறைவு வராது. மிஞ்சும் குட்டிகளைக் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் விடலாம், நுளம்புக் குடம்பியைத் தின்னும்.

எங்கள் நாட்டு மீன் ஒன்றையும் சொல்லவேண்டும். செரி பாப். தென்மேற்கு இலங்கையின் நிழலான ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத இனம். அதன் சொந்தத் தண்ணீர் மென்மையானது என்றாலும் பண்ணையில் வளர்ந்தது ஓரளவு கடின நீரையும் பொறுக்கும். ரைகர் பாப்பின் உறவு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு சாது. டானியோவுக்குப் பதிலாக ஆறு செரி பாப் விட்டால் தொட்டி அமைதியாக இருக்கும். பைற்றரைக் கப்பியோடு சேர்க்கவேண்டாம், அந்தப் பெரிய வாலைக் கண்டால் எதிரி என்று நினைத்துப் பாயும். தொட்டியின் அடியில் மேயும் கொறிடோராசும் நல்ல பிள்ளைதான், ஆனால் அதற்கு மணல் தரை வேண்டும், எங்கள் சித்திரை வெக்கை பெரும்பாலானவற்றுக்கு ஒத்துவராது.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். நியோன் செத்ததற்குத் தண்ணீரின் கடினம் மட்டும் காரணமில்லை. நிரப்பிய அன்றே மீன் விட்டீர்கள். மீனின் கழிவு அமோனியாவாக மாறும். பில்ரரில் குடியேறும் பக்ரீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றித் தரும். அந்தப் பக்ரீரியாக்கள் வந்து சேர நாலிலிருந்து ஆறு கிழமை எடுக்கும். அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சு விடுகிறது. எங்கள் மாதிரிக் காரத் தண்ணீரிலும் வெக்கையிலும் அதே அமோனியா கூடுதலாக நஞ்சாகும். அதனால் யாழ்ப்பாணத்தில் பொறுமை மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு தேவை. தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் அவருடைய பில்ரரின் பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் பில்ரருக்குள் வையுங்கள், பக்ரீரியாவும் அதோடு வந்து சேரும். முதலில் பிளாற்றி மூன்று. இரண்டு கிழமை கழித்து மிச்ச மூன்று. பிறகு டானியோ. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு சாப்பாடு. கிழமைக்கு ஒருக்கால் கால்பங்கு தண்ணீர் மாற்றம். ஸ்பொஞ்சைக் குழாயில் கழுவாமல், தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மாரியில் வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்குக் குளோரின் போடுவார்கள். அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீரை நேரே ஊற்றினால் மீனின் பூ (செவுள்) வெந்துபோகும், பக்ரீரியாவும் செத்துப்போகும். வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கக் காற்றுக்குழாய் ஓடவிட்டு ஊற்றுங்கள். தோட்டக் காணிகளுக்கு நடுவே கிணறு உள்ளவர்களுக்கு இன்னொன்று: பசளையால் தண்ணீரிலேயே நைத்திரேற்று இருக்கக்கூடும், ஆகவே மீனை இன்னும் குறைவாக வையுங்கள்.

கீற்றர் விற்கப் பார்ப்பார்கள். இங்கே தேவையில்லை, மார்கழி இரவிலும் வீட்டுக்குள் தண்ணீர் அவ்வளவு குளிராது. அந்தக் காசுக்குக் காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பொஞ்ச் பில்ரரும், பற்றரியில் ஓடும் சின்னப் பம்பு ஒன்றும் வாங்குங்கள். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கறன்ற் நின்றபோது என் தொட்டியைக் காப்பாற்றியது அந்தச் சின்னப் பம்புதான். நிரப்பிய தொட்டி 60 கிலோவுக்கு மேல் வரும், ரீவி மேசையில் வைக்கவேண்டாம்.

கடையில் மீனைப் பிடிக்கவிடும் முன் தொட்டிக்கு முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். செட்டையை உடம்போடு ஒடுக்கி மூலையில் நிற்கிறதா, உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா, கல்லில் உடம்பை உரசுகிறதா என்று பாருங்கள். அதே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள். கொழும்பிலிருந்து இரவு முழுக்கப் பைக்குள் வந்து காலையில் இறங்கிய மீனையும் அன்றைக்கே வாங்காதீர்கள். எப்போது வந்தது என்று கேட்டு, நாலு நாள் கழித்து உயிரோடு நிற்பதை வாங்குங்கள்.

மிஞ்சிய கோல்ட் பிஷ், ரைகர் பாப், ஏஞ்சலைக் கடையில் திரும்ப எடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். காசு தராவிட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தொட்டியைத் துப்புரவாக வைத்திருக்கும் என்று சொன்னதால் ஒரு ராங் கிளீனர் வாங்கினேன். ஒன்றரை வருடத்தில் ஒரு அடி வந்துவிட்டது, இரவில் மற்ற மீன்களில் ஒட்டுகிறது. பக்கத்துக் குளத்தில் விடலாமா?
- கோப்பாய் இளைஞர்

பதில்: விடவே கூடாது, தம்பி. அது தென்னமெரிக்க மீன். இலங்கை நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவித் தொல்லை கொடுக்கும் அந்நிய இனம். தோல் முழுக்கத் தகடு என்பதால் தின்ன ஆளில்லை, கரையில் பொந்து தோண்டி முட்டையிடும், தண்ணீர் வற்றினாலும் காற்றை விழுங்கிச் சமாளிக்கும். கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய சீமெந்துத் தொட்டி உள்ளவருக்குக் கொடுங்கள். அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு கூட. பாசி குறைய வேண்டுமென்றால் சன்னல் வெயிலை மறைத்து, சாப்பாட்டைக் குறையுங்கள். மொலி இரண்டு நின்றால் மேய்ந்து தள்ளும்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். குடிக்கக்கூடாது. மீன் வளர்க்கலாமா?
- பருத்தித்துறை வாசகர்

பதில்: மொலி வளருங்கள். உவர் நீரிலும் இயல்பாக வாழும் மீன் அது, கப்பியும் ஓரளவு தாங்கும். இரண்டையும் தவிர வேறொன்றும் சேர்க்கவேண்டாம். ஆவியாகிக் குறையும் தண்ணீரை மட்டும் மழைநீரால் நிரப்புங்கள், கிணற்று நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: வாங்கி அடுத்த நாளே எட்டு மீன் செத்துவிட்டது. கடைக்காரர் பொறுப்பில்லை என்கிறார். பில்லும் தரவில்லை.
- சாவகச்சேரி வாசகி

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதைச் சொல்கிறது. முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் நியாயத்தையும் பார்க்கவேண்டும், அக்கா. உங்கள் தொட்டி புதிது என்றால் பழி கடையில் மட்டும் இல்லை. அடுத்த முறை காசு கொடுக்கும் முன்பே, ஒரு நாளுக்குள் செத்தால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். செத்தால் மீனைப் பொலித்தீன் பையில் போட்டு, தொட்டித் தண்ணீர் ஒரு போத்தலும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டு அவிழ்க்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு அரைமணி நேரம் கோப்பை கோப்பையாக உங்கள் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றவேண்டாம்.