கொடியைப் பிறகு பார்க்கலாம், முதலில் கிரேடு 10

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகள் ஃபிகர் ஸ்கேட்டிங்கைத் தொடரலாமா, தொடர்ந்தால் எந்த நாட்டுக்காக ஆடுவது, படிப்பு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் இப்போது எரிந்துகொண்டிருப்பது வேறு விஷயம். ஜோஹன்னஸ்பர்க் போட்டியில் ஆறாவதாக வந்துவிட்டு, மாகாண ஜாக்கெட்டைக் கழற்றிக் காரின் பின் சீட்டில் எறிந்து, "இந்த நாடு எனக்கு என்ன செஞ்சுது?" என்று கேட்டாளே, அதுதான். அப்பா அன்றிலிருந்து அவளிடம் சரியாகப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவள் கேட்டதில் பாதி வெறும் வரவு செலவுக் கணக்கு. ரிங்க் என்கிற பனித்தளத்தின் நேரத்துக்குக் காசு, கோச்சுக்குக் காசு, ஷூவுக்கும் பிளேடுக்கும் காசு, ஜோஹன்னஸ்பர்க் போய்வரக் காசு, எல்லாம் உங்கள் இருவர் சம்பளத்திலிருந்துதான் போகிறது. டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து விடியற்காலையில் என்2 நெடுஞ்சாலை பிடித்து ரிங்க் இருக்கும் அமன்சிம்டோட்டி கேலரியா மால் வரை அவளைக் கொண்டுபோய் விடுவதும் நீங்கள்தான். பனிக்கால விளையாட்டில் நம் தென்னாப்பிரிக்கா கொடுப்பது குறைவு என்பது பொய் இல்லை. 2014 சோச்சி ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு கேப்பைச் சேர்ந்த சிவே ஸ்பீல்மன் என்ற கறுப்பின இளைஞர் பனிச்சறுக்கில் தகுதி பெற்றிருந்தார். தரம் போதாது என்று சொல்லி நம் ஒலிம்பிக் அமைப்பான சாஸ்காக்கே அவரை அனுப்ப மறுத்துவிட்டது. 2018 பியாங்சாங்குக்கு நம் நாட்டிலிருந்து போனவர் கானர் வில்சன் ஒருவர் மட்டும். 2022 பெய்ஜிங்குக்கு ஒருவரும் போகவில்லை. இதையெல்லாம் அந்தப் பெண் படித்திருப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் போன் இருக்கிறதே.

மீதிப் பாதிதான் என்னை யோசிக்க வைத்தது. மூன்றாவதாக வந்திருந்தால் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாளா? கேட்டிருக்க மாட்டாள். தோற்ற கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, நாடு கையில் அகப்பட்டது. இன்றைக்கு நாடு, நாளைக்கு ஜட்ஜ், அடுத்து கோச், அப்புறம் நீங்கள். திருத்த வேண்டியது அதை. தேசபக்தி வகுப்பு எடுத்தால் அது திருந்தாது.

உங்கள் வீட்டுக்காரரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கொடியை அவமதித்துவிட்டாள் என்று அவர் கொதிப்பது புரிகிறது. பச்சையும் தங்கமும் கலந்த அந்த நாட்டுச் சீருடையை நம்மவர்கள் போட முடியாமல் இருந்த காலத்தைப் பார்த்த வீடு அது. ஆனால் அதே வரலாற்றை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். 1973-இல் இதே டர்பனில்தான் சாகோஸ் என்ற விளையாட்டு மன்றம் தொடங்கியது. இனவாத விளையாட்டில் சேர மாட்டோம் என்று நின்ற அமைப்பு அது. அதன் செயலாளராக இருந்த எம்.என். பாத்தர் டர்பன்காரர். வெளிநாட்டில் இருந்துகொண்டு தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கிலிருந்து தள்ளி வைக்கப் போராடிய சாம் ராம்சாமியும் டர்பனில் பிறந்தவர்தான். பிறகு 1992-இல் தேசிய ஒலிம்பிக் குழுவின் தலைவராக பார்சிலோனாவுக்கு அணியைத் திரும்பக் கூட்டிப்போனவரும் அவரே. அந்த அணி பழைய கொடியைத் தூக்கவில்லை. 1960-இல் ஸ்குவா வேலிக்குப் போனதற்குப் பிறகு, 1994 பிப்ரவரியில் லில்லஹாமருக்குத்தான் நம் நாடு மறுபடி குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போனது. அப்போதும் இன்றைய கொடி பிறக்கவில்லை, அது ஏப்ரலில்தான் வந்தது. இந்த நாடு எனக்கு என்ன செய்தது என்று சத்தமாகக் கேட்டவர்களால்தான் இன்று உங்கள் மகள் அந்த ஜாக்கெட்டைப் போட முடிகிறது. அவர்கள் கேட்டதற்கும் இவள் கேட்டதற்கும் வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் கேள்வியே பாவம் என்று அப்பா நினைக்க வேண்டாம்.

சரி, சென்னையில் இருக்கும் உங்கள் தம்பியின் யோசனைக்கு வருவோம். "இங்க வா, இந்தியாவுக்கு ஆடு, போட்டி கம்மி" என்கிறார். மகளிடம் இருப்பது தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையும். ஓசிஐ வைத்துக்கொண்டு இந்திய அணியில் ஆட முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்தான் ஆடலாம் என்று இந்திய அரசு 2008-லிருந்தே சொல்லிவருகிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதும் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை தானாகவே போய்விடும் என்ற நம் நாட்டுச் சட்டப்பிரிவை நமது அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மே மாதம் ரத்து செய்துவிட்டது. ஆனாலும் இந்தியப் பக்கம் இந்தப் பாஸ்போர்ட்டை விடச் சொல்வார்கள். அதற்கு முன் அங்கே போய்க் குடியிருக்கவும் வேண்டும். ஒரு நாட்டுக்காக சர்வதேசப் போட்டியில் இறங்கிவிட்டு மாறினால், ஒலிம்பிக்கில் பொதுவாக மூன்று ஆண்டு காத்திருப்பும் உண்டு. 14 வயதுப் பிள்ளையின் குடியுரிமையை ஒரு டபுள் ஆக்ஸல் தாவலுக்காக மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாடு மாறிப் போனவர்கள் எல்லாருக்கும் ஒரே கதை கிடைப்பதில்லை. 2022 பெய்ஜிங்கில் அமெரிக்காவில் பிறந்த இரண்டு பெண்கள் சீனாவுக்காக இறங்கினார்கள். பனிச்சறுக்கில் எய்லீன் கூ இரண்டு தங்கம், ஒரு வெள்ளி வென்றார், நாடே தலையில் தூக்கிவைத்து ஆடியது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜூ யி விழுந்தார். அவருக்கு அப்போது 19 வயது. "சீன மொழியே சரியாகப் பேசத் தெரியாது, இவளை ஏன் எடுத்தார்கள்" என்று சமூக ஊடகத்தில் கிழித்தார்கள். அடுத்த நாள் மறுபடி விழுந்தார், ஆட்டத்துக்கு நடுவிலேயே அழுதார். விழுந்தது பனியில் வழுக்கியதால். திட்டு வாங்கியது பிறந்த ஊருக்காகவும் சேர்த்து. இதை உங்கள் தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.

நாட்டுப் பெருமை கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. எந்த மாதிரிப் பெருமை என்பதைத்தான் பார்க்கிறேன். 2006 டூரின் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான குழு ஸ்பிரின்ட் பனிச்சறுக்கு ஓட்டத்தில் கனடாவின் சாரா ரென்னருக்குக் கைக்கோல் உடைந்தது. ஓரத்தில் நின்ற நார்வே கோச் பியோர்னார் ஹோகென்ஸ்மூன் தன் கையிலிருந்த கோலை எடுத்துக் கொடுத்தார். கனடா வெள்ளி வாங்கியது. நார்வே நான்காவது, பதக்கமே இல்லை. அந்த ஓட்டம் நார்வேக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட மதம் மாதிரி, அந்த நாட்டிலிருந்து வந்த ஆள் செய்த காரியம் இது. 2022-இல் 15 கிலோமீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஃபின்லாந்தின் ஈவோ நிஸ்கனன், கடைசியாக வந்த கொலம்பியாக்காரர் கார்லோஸ் கின்டானா கோட்டைத் தொடும்வரை அந்தக் குளிரில் காத்திருந்து கைகொடுத்தார். தன் நாட்டின் மேல் சந்தேகம் இல்லாதவர்களால்தான் இப்படி நடந்துகொள்ள முடிகிறது என்பது என் எண்ணம்.

மகளிடம் அந்தக் குணம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒலிம்பிக் வரை போக வேண்டாம். அடுத்த முறை கேலரியாவில் காபி வாங்கிக்கொண்டு போனைப் பார்க்காமல், ரிங்கின் ஓரத் தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பயிற்சியில் யாருடைய பாட்டு ஓடுகிறதோ அவர்களுக்குத்தான் வழி, மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். தன்னைவிடச் சின்னப் பிள்ளையின் பாட்டு ஓடும்போது இவள் ஒதுங்குகிறாளா, இல்லை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறாளா? விழுந்தவுடன் முதலில் எங்கே பார்க்கிறாள், தன் பிளேடு பனியில் விட்ட தடத்தையா, கோச்சின் முகத்தையா, உங்கள் முகத்தையா? தடத்தைப் பார்க்கிற பிள்ளை, எங்கே பிளேடின் ஓரம் தவறியது என்று தேடுகிறது. முடிந்து வெளியே வந்ததும் பிளேடைத் துண்டால் துடைத்துக் காயவைக்கிறாளா, ஈரத்தோடு உறை மாட்டிப் பையில் திணிக்கிறாளா என்றும் கவனியுங்கள். டர்பன் காற்றில் துரு ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இந்த மூன்றையும் சில வாரம் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்த ஜாக்கெட் சமாச்சாரத்தைவிட இதை வைத்து அவளைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியும்.

அவசரம் எதுவும் இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022-இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17-க்கு உயர்த்திவிட்டது. ஆக இப்போது அவள் சீனியரில் இறங்கவே முடியாது. அடுத்த குளிர்கால ஒலிம்பிக் 2030-இல் பிரெஞ்சு ஆல்ப்ஸில் நடக்கிறது. பெண்கள் தனிப்பிரிவில் உலகம் முழுவதற்கும் கிட்டத்தட்ட முப்பது இடம்தான். அதைக் குறிவைத்து வீட்டை அடகு வைக்காதீர்கள். ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கென்று ஃபோர் கான்டினென்ட்ஸ் என்ற போட்டி இருக்கிறது, தென்னாப்பிரிக்கப் பிள்ளைகளும் அதற்குப் போகிறார்கள். அதற்குரிய குறைந்தபட்ச மதிப்பெண்ணை எட்டுவதை இலக்காக வைத்தால் நியாயமாக இருக்கும்.

இனி படிப்பு. இந்த வருடக் கடைசிக்குள் கிரேடு 10 பாடத் தேர்வுப் படிவம் கேட்பார்கள். பயிற்சிக்கு நேரம் வேண்டும், கணிதத்தை விட்டுவிட்டு, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட் எடுக்கிறேன் என்று அவள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். உடம்பும் விளையாட்டும் சேர்ந்த படிப்புகளான பிசியோதெரபி, உடற்பயிற்சி மூலம் உடம்பைத் தேற்றும் பயோகைனெட்டிக்ஸ், விளையாட்டு அறிவியல் எல்லாம் நம் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் (யூகேஇசட்என்) வெஸ்ட்வில் வளாகத்திலேயே இருக்கின்றன. பிசியோவுக்கு அசல் கணிதம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. லைஃப் சயின்ஸஸ், ஃபிசிக்கல் சயின்ஸஸ் இரண்டையும் சேர்த்து எடுப்பது பாதுகாப்பு. பயோகைனெட்டிக்ஸ் படித்தவர் மருத்துவத் தொழில் மன்றமான ஹெச்பிசிஎஸ்ஏ-வில் பதிவு செய்து சொந்தமாகவே தொழில் நடத்தலாம். கணுக்காலும் முழங்காலும் அடிபட்ட அனுபவம் இருக்கிற பெண்ணுக்கு அந்தப் படிப்பு ஒட்டும். இல்லை, எனக்கு வேறு பிடிக்கும் என்றால் அதுவும் சரி, கணிதம் கையில் இருந்தால் வழி திறந்திருக்கும். பணத்துக்கு வழி என்னவென்றால், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசுக் கல்வி உதவிக்கு மனு போடலாம். உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டுமா என்று இப்போதே கூட்டிப் பாருங்கள். தாண்டினால் ஸ்கேட்டிங் செலவுக்கு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் எல்லை போட்டு, அதை அவளுக்கும் தெரியச் சொல்லுங்கள். மறைத்துக் கடன் வாங்காதீர்கள்.

படிவம் கொடுப்பதற்கு முன் மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை வாருங்கள். கடைசி இரண்டு ரிப்போர்ட்டையும் போட்டி மதிப்பெண் தாளையும் எடுத்து வரச் சொல்லுங்கள், தாளில் அவளுக்கு எங்கே புள்ளி போனது என்பதை அவளே அப்பாவுக்கு விளக்கட்டும்.