ராக்கெட் என்ஜினையே அச்சிட்டு எடுக்கும் காலத்தில் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படிப்பது வீணா?

உங்கள் தம்பி வெல்டர் பிரிவில் சேர்ந்திருக்கிறார் என்றும், 'த்ரீ டி பிரிண்டிங் வந்துவிட்டது, இனி இது செத்த தொழில்' என்று யாரோ அவரைக் கலங்கடித்திருக்கிறார் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நான் பொறியாளன் அல்லன். சேலம் கருப்பூரில் 22 ஆண்டுகளாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களுக்கு டிக் வெல்டிங் (மந்த வாயுவின் காப்பில் மின்பொறியால் உருக்கி இணைக்கும் முறை) செய்பவன். சொந்தத் தொழிலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைப்பவர்கள் முழுவதையும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட என்ஜினை, உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கும் த்ரீ டி பிரிண்டிங் முறையில் செய்து, 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் 665 வினாடிகள் இயக்கிச் சோதித்தது இஸ்ரோ. 14 பாகங்கள் ஒன்றாயின. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. 565 கிலோ உலோகம் பிடித்த வேலைக்கு 13.7 கிலோ தூள் போதுமானதாயிற்று. அதில் எரியும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் மோனோமெதில் ஹைட்ரசினும் ஒன்றையொன்று தொட்டாலே தீப்பற்றும் என்பதால், கசியக்கூடிய இணைப்புகள் குறைவது பெரிய நன்மை. இதில் எனக்கு மறுப்பே இல்லை.

இணைப்பு எப்படிக் கெடும் என்பதை நான் பட்டே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பால் ஆலைக்குக் குழாய் இணைத்தபோது, உருகும் உலோகத்தைக் காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயுவை உட்புறம் செலுத்த வேண்டியதில்லை என்று ஒப்பந்தக்காரர் சிலிண்டரை மிச்சம் பிடித்தார். வெளியே மீன் செதில்போல் ஒழுங்காக விழுந்திருந்த வெல்டிங்கை, ஆய்வுக்கு வந்தவர் அறுத்துக் காட்டியபோது, உட்புறம் கருகிப் பொருக்குத் தட்டியிருந்தது. வாயுவை நிறுத்தியவர் வாய் திறக்கவில்லை. பழி என் கைமீது விழுந்தது. எல்லா இணைப்புகளையும் அறுத்து, கூலி இல்லாமல் மறுபடியும் செய்து கொடுத்தேன். அந்த நாள் இன்னும் மனத்தில் உறுத்துகிறது.

இதை இங்கே சொல்லக் காரணம், அந்த அச்சு இயந்திரத்தின் அறைக்குள்ளும் ஆர்கான் போன்ற மந்த வாயுவைத்தான் நிரப்புகிறார்கள் என்பதுதான். லேசர் பட்ட இடத்தில் உலோகம் உருகி உறைகிறது. ஆக்சிஜன் புகுந்தால் கெடுகிறது, சூடு மிஞ்சினால் உள்ளே நுண்துளை விழுகிறது, ஆறும்போது இழுத்து வளைகிறது. இவை அத்தனையும் வெல்டருக்குத் தெரிந்த குற்றங்களே. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய ஆயிரக்கணக்கான மெல்லிய வெல்டிங் கோடுகள்தாம் அந்த என்ஜின். தவிர, பெரிய எரிபொருள் தொட்டிகளை இன்றும் இணைத்தே செய்கிறார்கள். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட்டின் தொட்டிகளில், உலோகத்தை உருக்காமல் உராய்வால் குழைத்து இணைக்கும், 1991-இல் பிரிட்டனில் பிறந்த முறை பயன்படுகிறது.

ஆகவே தம்பியை டிக் வெல்டிங்கோடு, எக்ஸ்ரே படம் பார்த்துக் குறை கண்டுபிடிக்கவும், உலோகம் சூட்டில் எப்படி மாறுகிறது என்பதையும் கற்கச் சொல்லுங்கள். வேலைக்குச் சேரும் இடத்தில், குழாயின் உள்ளே ஆர்கான் செலுத்துகிறார்களா என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள்.