ஒயினில் தரம் என்று ஒன்று உண்டா, இல்லை எல்லாம் அவரவர் ருசிதானா?

நீங்கள் ரசித்துக் குடித்த ஒயினை நண்பர் "மட்டம்" என்று சொல்லிவிட்டார், அப்படிச் சொல்ல அவருக்கு ஏதாவது அடிப்படை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு என்பதுதான் என் பதில். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

எனக்கு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் பிடிக்காது. முதல் மடக்கிலேயே பல் கூசும் அளவுக்குப் புளிப்பு. ஒருமுறை லேபிளை மறைத்து ஐந்து கோப்பைகள் வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். இரண்டாவது கோப்பை மிருதுவாக, பழச்சாறு போல இருந்தது. விழுங்கினேன், மூன்று நொடியில் வாயில் ஒன்றுமே இல்லை. நான்காவதில் அதே பழைய புளிப்பு. ஆனால் விழுங்கிய பிறகு எலுமிச்சைத் தோல் வாசம் வந்தது, அது அடங்கியதும் மழையில் நனைந்த கல்லின் வாசம், கடைசியில் லேசாகத் தேன். இருபது நொடி தாண்டியும் போகவில்லை. நான்காவதுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டேன். அது ரீஸ்லிங் என்று பிறகு சொன்னார்கள். இன்னொரு கோப்பை வேண்டுமா என்று கேட்டபோது இரண்டாவதைத்தான் கேட்டு வாங்கினேன். அன்று போட்ட மதிப்பெண்ணும் உண்மை, கேட்டு வாங்கியதும் உண்மை. "பிடித்திருக்கிறது" என்பது என்னைப் பற்றிய பேச்சு, "நன்றாக இருக்கிறது" என்பது ஒயினைப் பற்றியது.

ஒயினைப் பற்றிய பேச்சில் சிலவற்றை அளந்தே பார்க்கலாம். கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், ஈர அட்டைப்பெட்டி நாற்றம் அடிக்கும், பழ வாசம் செத்துப்போகும். இதில் ருசி பேதத்துக்கு இடமில்லை, அந்த பாட்டில் கெட்டுவிட்டது. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் தரும் குதிரை லாய வாசம் அப்படியல்ல. கொஞ்சமாக இருந்தால் அதை விரும்புகிறவர்களும் உண்டு.

அடுத்தது, பயிற்சியால் வசப்படும் பகுதி. சமநிலை, வாயில் நிற்கும் நேரம், செறிவு, எத்தனை அடுக்காக வாசம் விரிகிறது என்பதையெல்லாம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். சிவப்பு ஒயினில் இருக்கும் டானினைப் பற்றிப் பேச நம்மிடம் துவர்ப்பு என்ற சொல் அறுசுவையிலேயே தயாராக இருக்கிறது. துவர்ப்பு நாக்கைச் சுரண்டுகிறதா, பட்டுப்போல் படிகிறதா என்பதைக் கவனித்துக் குடித்தால் யாருக்கும் பிடிபடும்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. கடும் வெயில் அடித்த 2003இல் விளைந்த ஷாத்தோ பாவி என்ற ஒயினை, பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்தது அது, அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் உச்சத்தில் வைத்துப் புகழ்ந்தார். பிரிட்டிஷ் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் 20க்கு 12 தான் கொடுத்தார், பழம் மிதமிஞ்சிப் பழுத்துப்போன ஒயின் என்பது அவர் புகார். இருவருமே பெரிய நாக்குக்காரர்கள். ஒரு போர்தோ எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் அவர்கள் பிரிந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். அதை எந்தக் கருவியும் தீர்த்துவைக்காது. உடம்பும் ஆளுக்கு ஆள் மாறும். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசம் தருவது ரொட்டன்டோன் என்ற சேர்மம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் எட்டுவதே இல்லை. மிளகு மணக்கும் அருமையான ஷிராஸ் என்று அவரிடம் சொன்னால் பாவம், அவர் என்ன செய்வார்?

அதனால் உங்கள் நண்பரிடம், அதில் என்ன குறை என்று கேளுங்கள். "விழுங்கியதும் காணாமல் போகிறது" என்றோ "இனிப்பைத் தாங்கப் புளிப்பு போதவில்லை" என்றோ சொன்னால், இன்னொரு மடக்கு குடித்து நீங்களே சரிபார்க்கலாம். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அப்போதும் அந்த ஒயின் உங்களுக்குப் பிடித்தே இருக்கட்டும், அதில் ஒரு தப்பும் இல்லை. பதிலுக்கு விலையையும் பெயரையும் மட்டும் சொன்னாரென்றால், அவர் இன்னும் ஒயினைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவில்லை.