சுவிஸ் மலைக்கிராமத்தில் குடியேறினால் காசு தருகிறார்களாமே, குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி கேட்ட தம்பி தனக்கு 31 வயது, கணினி வேலை, மனைவியும் ஒரு மகளும் என்று எழுதியிருக்கிறார். நகரத்து நெரிசல் வெறுத்துப்போய், வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்துக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தக் காசு விஷயம். அது பொய்யில்லை. வாலிஸ் மாநிலத்தில் அல்பினென் என்று ஒரு ஊர் இருக்கிறது, சுமார் 1300 மீட்டர் உயரத்தில். குடும்பங்கள் போய், பிள்ளைகள் குறைந்து, பள்ளிக்கூடமே மூடப்பட்ட ஊர். 2017 நவம்பரில் ஊர்ச்சனம் கூடி வாக்களித்து முடிவெடுத்தார்கள்: 45 வயதுக்கு உட்பட்டவர் வந்து குடியேறினால் பெரியவருக்கு 25,000 பிராங், பிள்ளைக்கு 10,000 பிராங். ஆனால் குறைந்தது 2 லட்சம் பிராங் பெறுமதியான வீடு கட்டவோ வாங்கவோ வேண்டும். பத்து வருடம் அங்கேயே இருக்க வேண்டும், இடையில் வெளிக்கிட்டால் காசைத் திருப்பிக் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சுவிஸ் பிரஜையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கையில் சி பெர்மிட் (நிரந்தரமாக இருக்க விடுகிற அனுமதி) இருக்க வேண்டும். இந்தியாவில் இருந்து வருகிறவருக்கு சி பெர்மிட் கிடைக்கவே பொதுவாகப் பத்து வருடம் ஆகும். ஆகவே அந்தக் காசை மறந்துவிடுங்கள்.

"போகலாமா" என்று கேட்டதுதான் என்னை எழுத வைத்தது. நான் அகதியாக வந்தவன். படித்துப் பெரிய வேலைக்கு வருகிறவர்களின் அனுபவம் வேறு என்று சிலர் கீழே வந்து சொல்லக்கூடும். வேறாக இருக்கட்டும், நான் வாழ்ந்ததைத்தான் நான் எழுத முடியும்.

என் ஊர் யாழ்ப்பாணத்தில் மயிலிட்டி. 1990இல் சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்தோம். 1991இல் சுவிஸ் வந்து, வாலிஸ் மாநிலத்துக்கு அனுப்பப்பட்டேன். 1993 தொடக்கம் பதினொரு வருடம் பிளாட்டன் என்ற கிராமத்தில், ஒரு ஹோட்டலில் வேலை செய்தேன், கோப்பை கழுவுவதில்தான் தொடங்கினேன். லொட்ஷென்டால் என்ற பள்ளத்தாக்கில் நாலே நாலு ஊர்: ஃபெர்டன், கிப்பல், வீலர், கடைசியில் பிளாட்டன், 1540 மீட்டரில். சனம் முந்நூறு பேரளவு. ஒரு பக்கம் லொன்சா ஆறு, தலைக்கு மேலே 3934 மீட்டர் பீட்ஷ்ஹோர்ன் மலை. (கொரோனா தடுப்பூசி மருந்து செய்த லொன்சா கம்பனிக்குப் பெயர் வந்தது இந்த ஆற்றில் இருந்துதான்.) 1913இல் மலையைக் குடைந்து லொட்ஷ்பெர்க் ரயில் பாதை திறக்கும்வரை, மாரியில், அதாவது பனிக்காலத்தில், இந்தப் பள்ளத்தாக்கு தன்பாட்டில் கிடந்தது. நான் போனபோதும் கோப்பன்ஸ்டைன் ஸ்டேஷனில் இறங்கி மஞ்சள் தபால் பஸ் ஏறினால்தான் ஊர்.

முதல் பெப்ரவரியைச் சொல்ல வேண்டும். இரண்டாம் திகதி காணிக்கை மாதா திருநாள், எங்கள் வீட்டில் மெழுகுதிரி மந்திரித்துக் கொண்டுவருகிற நாள். அங்கேயும் அதே திருநாள், அதே மெழுகுதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் குப்பை போடப் பின்கதவைத் திறந்தேன். இருட்டுக்குள் இருந்து ஒன்று பாய்ந்து என்னைப் பிடித்தது. ஆட்டுத்தோல் போர்த்த உடம்பு, இடுப்பில் மாட்டுமணி, மரத்தில் செதுக்கிய கோணல் வாய், அந்த வாயில் உண்மையான மாட்டுப்பல்லு. கை நிறையப் பனியை அள்ளி என் முகத்தில் தேய்த்தது. நான் அப்படியே குந்தி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டேன். குண்டு விழும்போது படித்த பழக்கம். உருவம் அசையாமல் நின்றது, பிறகு முகமூடியைக் கழற்றியது. உள்ளே எங்களுக்குப் பால் கொண்டுவருகிற பெடியன், பத்தொன்பது வயது இருக்கும். அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் குந்தி, தன் கையுறையால் என் முகத்தைத் துடைத்தான். அதைத்தான் ட்ஷெக்கெட்டே என்பார்கள். காணிக்கை மாதா திருநாளுக்கு மறுநாள் தொடங்கித் தவக்காலத்துக்கு முதல்நாள் வரை ஓடித் திரிவார்கள். அடுத்த வருடம் அவன் வருமுன் வெளியில் இருந்தே மணியை ஆட்டி எனக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

முதலாளியின் தாயாருக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. றொக்கன் (ரை தானியம்) மாவுப் பாணை அவர் வெட்டுகிற விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கல்லுமாதிரிப் பாண். முன்காலத்தில் ஊர்ப் பொது அடுப்பில் வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் சுட்டு, மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவார்களாம். முதலில் கத்தி நுனியால் பாணின் அடியில் மூன்று சிலுவை கீறுவார். பிறகு பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கத்தியைத் தன் பக்கமாக இழுத்து மெல்லிசாக வெட்டுவார். முதல் துண்டு எனக்கு. தானியம் வைக்கிற மரக்கொட்டிலையும் அவர்தான் காட்டினார்: கால்களுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் வட்டமான தட்டைக்கல், எலி அதைத் தாண்டி ஏற முடியாது.

அழகாகத்தான் இருக்கிறது, இல்லையா? இனிக் கேளுங்கள். அங்கே நீங்கள் வீடு வாங்கினாலும் வாடகைக்கு இருந்தாலும் ஊரின் வேலை உங்கள் வேலை. வருடத்தில் சில நாள் 'கெமைன்வெர்க்', எங்கள் நாட்டுச் சிரமதானம் மாதிரி, வாய்க்காலும் பாதையும் துப்பரவாக்க என் காலத்தில் போக வேண்டியிருந்தது. தீயணைப்புப் படையில் சேர வேண்டும், இல்லாவிட்டால் வரி கட்ட வேண்டும். நான் சேர்ந்தேன், குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் ஓடினேன். பாதையில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் 'தாக்வோல்' சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் அன்று பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரியும். அவர்கள் பேசும் பாஷை, பேர்ணில் இருந்து வருகிற சுவிஸ்காரருக்கே விளங்காது. இரண்டு வருடம் நான் ஊமை.

1999 பெப்ரவரியில் பனிச்சரிவு. பாதை பல நாள் மூடிக்கிடந்தது, ஹெலிகொப்டரில்தான் ஆட்களை எடுத்தார்கள். மனைவி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரவில் மலை இடிகிற சத்தம் கேட்கும், அவர் ஷெல் என்று நினைத்து எழும்பி இருப்பார். உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா தம்பி? மகளைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோக பஸ், ரயில் என்று மாறிமாறி ஏறத் தயாரா? நாங்கள் 2004இல் கீழே விஸ்ப் நகரத்துக்கு இறங்கியதே பிள்ளைகளுக்காகத்தான்.

இறங்கியபின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அறுக்கிறது. பிளாட்டனில் கடைசி ஆறு வருடம் நான் சமையல். அறுபது பேருக்குத் தனியாகச் சமைத்திருக்கிறேன். கீழே ஒரு உணவகத்தில், சமையல் பயிற்சிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். இல்லை. திரும்பவும் கோப்பை கழுவத்தான் விட்டார்கள். என்னிடம் வெங்காயம் வெட்டப் பழகிய பெடியன் சான்றிதழோடு வந்து எனக்கு மேலே நின்றான். இந்த நாட்டில் கைக்கு மதிப்பில்லை, கடதாசிக்குத்தான் மதிப்பு என்று சொன்னால் "சோறு போட்ட நாட்டைக் குறை சொல்லாதே" என்கிறார்கள். சோறு நான் சமைத்துத்தான் சாப்பிட்டேன்.

சரி, பிளாட்டன். செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2025 மே மாதம் ஊருக்கு மேலே சின்ன நெஸ்ட்ஹோர்ன் (Kleines Nesthorn) மலை உடைந்து உடைந்து பிர்ஹ் பனியாற்றின் மேல் விழத் தொடங்கியது. அளந்து பார்த்தவர்கள் சொன்னபடி 19ஆம் திகதிக்குள் முந்நூறு பேரையும் மாடுகளையும் வெளியேற்றினார்கள். 28ஆம் திகதி பிற்பகல் மூன்றரை மணிக்குக் கிட்டப் பனியாறு முழுதாக இறங்கியது. ஊரில் பத்தில் ஒன்பது பங்கு மண்ணுக்கடியில். லொன்சா மறிபட்டு, மிச்ச வீடுகளும் தண்ணீருக்குள் போயின. ஓர் உயிர் போனது. அந்த வீடியோவுக்குச் சினிமாப் பாட்டுப் போட்டு எனக்கே அனுப்பினவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அது ஆட்கள் வாழ்ந்த ஊர்.

திரும்பக் கட்டுவோம் என்று ஊர்த்தலைவர் சொன்னார். பக்கத்து வீலர் 1900இல் நெருப்பில் எரிந்து, திரும்ப எழும்பிய ஊர். அதனால் நான் நம்புகிறேன். எங்கள் மயிலிட்டியில் ஒரு பகுதியை 27 வருடம் கழித்து, 2017இல்தான் இராணுவம் விட்டது. அடுத்த வருடம் போனேன். அப்பாவைப் புதைத்த இடத்தைப் பற்றைக்குள் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே தம்பி, முதலில் விஸ்ப் அல்லது பிரிக் பக்கம் வேலை தேடி வாருங்கள். டொச் (ஜெர்மன்) படியுங்கள். ஒரு மாரி முழுக்க மேலே வாடகைக்கு இருந்து பாருங்கள், வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அந்தப் பாண் வெட்டிய அம்மா 2011இல் போய்விட்டார், பிளாட்டன் கோவிலடியில் அடக்கம் செய்தோம். ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதியும், சகல ஆன்மாக்கள் திருநாளுக்கு, மெழுகுதிரி கொண்டுபோவேன். போன நவம்பர் வீலர்வரைதான் போக முடிந்தது. அவர் மகளும் திரியோடு வந்து நின்றார். எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் வீலர் கோவில் மதில் மேல், மேலே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.